எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று பார்

நாள் 1

தம்பி பாரிஸுக்குப் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. "வா அக்கா, வா அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இப்போதுதான் லீவும் விசாவும் ஒன்றாகக் கூடி வந்தன. நான் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. இருபத்தாறு வருஷமாக அச்சுப் படங்களைக் காட்டியே மோனே, பிக்காசோ என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. இந்த ஆறு நாளும் அதற்குத்தான். ஈஃபில் கோபுரம் பஸ்ஸிலிருந்து தெரிந்தது, போதும்.

துணைக்குத் தம்பி மகள் வருகிறாள். பதினான்கு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், யோசிப்பது மட்டும் பிரெஞ்சில். பள்ளியிலிருந்து இந்த மியூசியங்களுக்கெல்லாம் கூட்டிப் போயிருக்கிறார்களாம். "எனக்கு ஒண்ணும் புரியல அத்தை. டீச்சர் சொன்ன அர்த்தத்தை எழுதி வச்சுக்கிட்டேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியம் என்னை மிகவும் தொந்தரவு செய்தது. நம் ஊரிலும் இதே கதைதான். நவீன ஓவியம் என்றாலே அது ஒரு விடுகதை, விடை யாரிடமோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

காலையில் லா முயெத் மெட்ரோவில் இறங்கி, ரானெலா பூங்காவைக் கடந்து மார்மொத்தான் மியூசியத்துக்கு நடந்தோம். கிளோட் மோனேவின் 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' அங்கேதான் இருக்கிறது. 1872இல் லெ ஆவ்ர் துறைமுகத்தில் ஒரு ஜன்னலிலிருந்து பார்த்து வரைந்தது. இம்ப்ரெஷனிசம் என்ற பெயரே இந்தப் படத்தின் தலைப்பிலிருந்து வந்தது. இவ்வளவு பெயர் வாங்கிய படம், அளவில் ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு இரண்டடிதான். நம் வீட்டுக் கல்யாண போட்டோ இதைவிடப் பெரிதாக மாட்டியிருக்கும்.

கிட்டே போய்ப் பார்த்தேன். சாம்பல் நீலத்தில் அவசர அவசரமாக இழுத்த பிரஷ் கோடுகள். படகு என்பது நாலைந்து கறுப்புத் தீற்றல். தண்ணீரில் சூரியனின் நிழல் ஏழெட்டு ஆரஞ்சுக் கோடு, அவ்வளவுதான். 1874இல் பாரிஸில் முப்பது பேர் சேர்ந்து அரசுக் கண்காட்சிக்கு வெளியே தாங்களாகவே ஒரு கண்காட்சி வைத்தபோது இந்தப் படமும் அதில் இருந்தது. லூயி லெரோய் என்ற பத்திரிகைக்காரர், சுவரில் ஒட்டும் காகிதத்தின் முதல் நகல்கூட இதைவிட முழுமையாக இருக்கும் என்று கேலி செய்து எழுதினார். அவர் கேலிக்குப் பிடித்துக்கொண்ட 'இம்ப்ரெஷன்' (மனப்பதிவு) என்ற சொல்தான் பிறகு அந்த ஓவியர்களின் அடையாளமாயிற்று.

தம்பி மகள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "இதுக்கு என்ன அர்த்தம் அத்தை?"

அர்த்தம் அப்புறம் கண்ணு, முதலில் உன் தாத்தா செய்த மாதிரி செய்வோம் என்றேன்.

என் அப்பா சினிமா பேனர் வரைந்தவர். அண்ணா சாலையில் தியேட்டர் வாசலில் நிற்கும் இருபதடி, முப்பதடி முகங்கள் அவர் கை பட்டவை. கையளவு ஸ்டில் போட்டோவில் பென்சிலால் கட்டம் போடுவார். துணியில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம், நூலில் பொடி தடவித் தெறிக்க விட்டு அடிப்பார். கரியால் உருவம். அதன் பிறகு பெயிண்ட். கிட்டே நின்று பார்த்தால் கதாநாயகனின் கன்னத்தில் ஒரு திட்டு ரோஸ், பக்கத்தில் ஒரு திட்டு பச்சை, தாடைக்குக் கீழே அப்பட்டமான நீலம். முகம் என்று சொல்லவே முடியாது. "எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய்ப் பாரு" என்று என்னை அனுப்புவார். சாலையைக் கடந்து போய்த் திரும்பிப் பார்த்தால் அந்தப் பச்சையும் நீலமும் காணாமல் போயிருக்கும், நடிகர் உயிரோடு சிரித்துக்கொண்டிருப்பார். மூக்கு கோணியிருந்தால் அங்கிருந்து கத்துவேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மோனேவை எதிர்ச் சுவர் வரை போய்ப் பார்த்தோம். பனிமூட்டம் நிஜமாகவே அசைந்தது. பாய்மரங்களும் புகைக்கூண்டுகளும் பின்னால் எழுந்து வந்தன. சூரியன் துடித்தது. 'துடித்தது' என்பதை உவமையாகச் சொல்லவில்லை. மியூசியக் கடையில் இதே படத்தின் தபால் அட்டை வாங்கி, அதை போனில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றச் சொன்னேன். மாற்றினாள். சூரியன் ஏறக்குறைய மறைந்தே போயிற்று! இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆரஞ்சுச் சூரியனின் வெளிச்ச அளவும் சுற்றியுள்ள சாம்பல் மேகத்தின் வெளிச்ச அளவும் கிட்டத்தட்ட ஒன்று. ஹார்வர்டில் பார்வை நரம்பியல் ஆராயும் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார். நிறத்தைப் படிக்கும் மூளைப் பகுதிக்குச் சூரியன் தெரிகிறது. வெளிச்சத்தை அளந்து, எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பகுதிக்கு அது தெரியவே இல்லை. அதனால்தான் அந்த வட்டம் ஓரிடத்தில் நிற்காமல் மிதக்கிறது.

மோனேவுக்கு இந்த நரம்பியல் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. கண்ணைச் சுருக்கிப் பார்க்கத் தெரியும் இரண்டு பேருக்கும்.

நாள் 2

இன்று முழுவதும் நடை. கால் இரண்டும் வீங்கியிருக்கிறது.

ஒராஞ்சரி மியூசியம் காலையில். துய்லெரீ தோட்டத்தின் ஓரத்தில் ஒரு காலத்தில் ஆரஞ்சு மரங்களைக் குளிருக்கு ஒதுக்கி வைத்த கட்டடம். உள்ளே முட்டை வடிவத்தில் இரண்டு அறைகள். வளைந்த சுவர் முழுவதும் மோனேவின் அல்லிக் குளம். எட்டுப் படங்கள், இரண்டு மீட்டர் உயரம், ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் கிட்டத்தட்ட தொண்ணூறு மீட்டர் நீளம். முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 அன்று ஓய்ந்தது. மறுநாளே மோனே தன் நண்பரான பிரதமர் கிளெமான்சோவுக்குக் கடிதம் எழுதி, நாட்டுக்குப் படங்கள் தருவதாகச் சொன்னார். அங்கிருந்து வளர்ந்ததுதான் இது. கண்ணில் ஏற்கெனவே இருந்த புரை முற்றி, 1923இல் அறுவை சிகிச்சை. 1926 டிசம்பரில் இறந்தார். அறைகள் மக்களுக்குத் திறந்தது 1927 மே மாதம்.

இங்கே எதிர்ப் பிளாட்பாரம் கிடையாது என்பதை உள்ளே நுழைந்ததும் உணர்ந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். கரை இல்லை, அடிவானம் இல்லை. மேகம் கீழே கிடக்கிறது. வகுப்பில் முதல் நாள் நான் போடச் சொல்லும் அடிவானக் கோட்டை இந்த மனிதர் எண்பது வயதில் அழித்துவிட்டார். நடுவில் பெஞ்ச் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தோம். கூரையிலிருந்து பகல் வெளிச்சம் துணியில் வடிகட்டி இறங்குகிறது. வெளியே மேகம் சூரியனை மூடியபோது குளமும் இருண்டது. தம்பி மகள் இருபது நிமிஷம் போனை எடுக்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மதியம் நடைபாலம் வழியாக ஆற்றைக் கடந்து ஓர்சே. 1900இல் கட்டிய ரயில் நிலையம், 1986இல் மியூசியமாகத் திறந்தது. பெரிய கடிகாரம் இன்னும் ஓடுகிறது. மோனே 1877இல் வரைந்த சான் லாசார் ரயில் நிலையம் இங்கே இருக்கிறது. ரயில் நிலையத்துக்குள் ரயில் நிலையம். இந்த ஓவியர்கள் வெளியே போய் வரைந்ததற்கு ரயில் ஒரு காரணம் என்றால், தகரக் குழாய் இன்னொரு காரணம். ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் பிதுக்கும் பெயிண்ட் டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு குழைத்த நிறத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். ஊசியால் குத்திப் பிதுக்கினால் பாதி காய்ந்துபோகும். டியூப் வந்த பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலை ரயிலேறி, ஆற்றங்கரையில் வரைந்துவிட்டு மாலை திரும்ப முடிந்தது. கலை இயக்கங்களைப் பற்றிப் பேசும்போது தத்துவத்தையே பேசுகிறோம். மூடி போட்ட அந்தத் தகர டியூபையும் ஒரு வரி சொல்லலாம்.

வான்கோவின் ஓவேர் தேவாலயத்தின் முன் பெருங்கூட்டம். அந்த நீல வானத்தைத் தலைகளுக்கு மேலாகத்தான் பார்த்தேன். ஆனால் நான் அதிக நேரம் நின்றது ஓவியர் செசானிடம்.

'ஆப்பிள்களும் ஆரஞ்சுகளும்'. மேஜைமேல் வெள்ளைத் துணி, பழத்தட்டு, பூப்போட்ட ஜாடி. முதல் பார்வைக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் நின்றால் வயிற்றில் லேசாக ஏதோ நழுவுகிறது. மேஜை நம்மை நோக்கிச் சரிகிறது. இடது பக்கத் தட்டை மேலேயிருந்து பார்க்கிறோம், நடுவில் உள்ள கிண்ணத்தைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். ஒரே படத்துக்குள் ஓவியர் எழுந்தும் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறார்.

நாம் அப்படித்தான் பார்க்கிறோம், இல்லையா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆணி அடித்தாற்போல் யாரும் எதையும் பார்ப்பதில்லை. தலையைத் திருப்புகிறோம், எட்டிப் பார்க்கிறோம். தண்டவாளம் இரண்டும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேரும் என்று சொல்லிக்கொடுத்த நான், ஆறாம் வகுப்புப் பிள்ளை மேஜையின் கால்களைப் பக்கத்திலிருந்தும் தட்டை மேலேயிருந்து முழு வட்டமாகவும் வரைந்தால் மார்க் குறைத்திருக்கிறேன். தட்டு வட்டம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், தெரிந்ததைப் போட்டது. செசானின் முன்னால் நின்றபோது அந்தச் சிவப்பு மையெல்லாம் நினைவுக்கு வந்து மனசு கனத்தது.

நாள் 3

மாரே பகுதி. பழைய மாளிகை ஒன்றில் பிக்காசோ மியூசியம்.

செசானை நேற்றே பார்த்துவிட்டு வந்தது நல்லதாயிற்று. அவர் இரண்டு மூன்று இடத்திலிருந்து பார்த்ததை பிக்காசோவும் அவருடைய ஓவிய நண்பர் பிராக்கும் பத்து இடத்துக்குக் கொண்டுபோனார்கள். கிட்டாரை முன்னால், பின்னால், பக்கவாட்டில், உள்ளே என்று பார்த்து எல்லாவற்றையும் ஒரே தளத்தில் அடுக்கினார்கள். இந்த முறைதான் க்யூபிசம். அதை 'கட்டம் கட்டமாக வரைவது' என்று நம் வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதுகின்றன. கட்டம் அங்கே முக்கியமில்லை. நடந்து சுற்றிப் பார்த்த நேரம் முழுவதும் அந்தப் படத்துக்குள் இருக்கிறது.

இன்றைய நாள் ஒரு சின்னப் படத்துக்கே போனது. 1912இல் செய்த 'பிரம்பு நாற்காலியுடன் அசையாப் பொருட்கள்'. 29 செ.மீ.க்கு 37 செ.மீ., பள்ளி அட்லஸை விரித்த அளவுகூட இல்லை. முட்டை வடிவம். கீழ்ப்பகுதியில் பிரம்புப் பின்னல். அடடா, எவ்வளவு நுணுக்கமாக வரைந்திருக்கிறார் என்று மூக்கை ஒட்டிக்கொண்டுபோய்ப் பார்த்தால் அது வரைந்ததே இல்லை. பிரம்புப் பின்னல் அச்சிட்ட ஆயில் துணியைக் கடையில் வாங்கி ஒட்டியிருக்கிறார். நம் வீட்டில் மரக்கோடு அச்சிட்ட சன்மைக்கா ஒட்டுகிறோமே, அந்த மாதிரி. சுற்றிச் சட்டத்துக்குப் பதில் நிஜக் கயிறு. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது. துணி நிஜம், பிரம்பு பொய். எலுமிச்சையும் கண்ணாடி டம்ளரும் வரைந்தவை, ஆனால் அடையாளம் தெரியாமல் உடைந்து கிடக்கின்றன. இதில் எது நாற்காலிக்கு அதிகம் நெருக்கமானது? இப்படி ஒட்டிச் செய்யும் கொலாஜ் என்ற முறை நவீன ஓவியத்துக்குள் வந்தது இந்தப் படத்தில் என்று கலை வரலாற்றில் சொல்வார்கள்.

மேலே JOU என்று பிரெஞ்சில் மூன்று எழுத்து. தம்பி மகள்தான் படித்தாள். "ழூர்னால்னு எழுத வந்து நிறுத்திட்டார் அத்தை, நியூஸ் பேப்பர்." இரண்டு நொடி கழித்து அவளே, "இல்ல இல்ல, ழுவேன்னும் இருக்கலாம். விளையாடறது." அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கலை வரலாற்றுக்காரர்கள் எழுதி வைத்திருக்கும் அதே இரண்டு வாசிப்பு. யாரும் சொல்லித்தராமல் தானாகக் கண்டுபிடித்தாள்.

1942இல் செய்த 'காளைத் தலை' அடுத்து. சைக்கிள் சீட், அதன்மேல் ஹேண்டில்பார். தீர்ந்தது. சீட்டும் ஹேண்டில்பாரும் சீட்டாகவும் ஹேண்டில்பாராகவும் இருந்துகொண்டே காளையாகவும் இருக்கின்றன. கண் இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது.

அங்கிருந்து பாம்பிடூ மையம் நடக்கிற தூரம். பராமரிப்புக்காக 2030 வரை மூடிவிட்டார்கள். தெரிந்துதான் போனேன், வெளியிலிருந்தாவது பார்க்க வேண்டுமென்று. 1977இல் திறந்த கட்டடம். வழக்கமாகச் சுவருக்குள் மறைக்கும் குழாய்களையெல்லாம் வெளியே கொண்டுவந்து நிறம் பூசியிருக்கிறார்கள். நீலம் காற்று, பச்சை தண்ணீர், மஞ்சள் மின்சாரம், சிவப்பு ஆள் நடமாட்டம்.

எதிரே உட்கார்ந்து மார்செல் துஷான் என்ற பிரெஞ்சு ஓவியரின் கதையைச் சொன்னேன். 1917இல் நியூயார்க்கில் சுயேச்சை ஓவியர் சங்கம் ஒரு கண்காட்சி அறிவித்தது. பணம் கட்டிய எவர் படைப்பையும் தேர்வு இல்லாமல் வைப்போம் என்றது. கடையில் வாங்கிய ஒரு பீங்கான் சிறுநீர்க் கோப்பையைப் படுக்க வைத்து, ஆர். மட் என்ற பொய்ப் பெயரில் துஷான் கையெழுத்திட்ட 'நீரூற்று' வந்து சேர்ந்தது. சங்கம் அதை வைக்கவில்லை. துஷான் அதே சங்கத்தின் நிர்வாகத்தில் இருந்தவர், விலகிவிட்டார். அந்தக் கோப்பை தொலைந்துபோயிற்று. ஸ்டீக்லிட்ஸ் எடுத்த புகைப்படம் மட்டும் மிஞ்சியது. உலக மியூசியங்களில் இப்போது இருப்பவை பிற்பாடு, பெரும்பாலும் 1964இல், செய்தவை. மூடிய இந்தக் கட்டடத்தின் சேகரிப்பிலும் அப்படி ஒன்று உண்டு.

"அதுல பார்க்க என்ன இருக்கு?" என்றாள். நியாயமான கேள்வி. மோனேவைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. யார் தேர்வு செய்கிறார்கள், எந்த அறையில் வைத்தால் ஒரு பொருள் கலையாகிறது, கதவைத் திறந்தே வைப்போம் என்று சொன்னவர்கள் யாருக்குக் கதவைச் சாத்தினார்கள், இந்தச் சண்டைதான் படைப்பு. அதற்குக் கண்ணைவிடக் காது வேண்டும். எனக்குச் சொந்த விருப்பத்தில் செசான்தான். ஆனால் இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

சாயங்காலம் ஆற்றைக் கடந்து கிராந்த் ஒகுஸ்தான் தெருவில் 7ஆம் எண் வீட்டு வாசல். பிக்காசோ 'குவெர்னிகா' என்ற தன் பெரிய போர்க்கால ஓவியத்தை வரைந்த இடம். சுவரில் ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கிறது. கதவு பூட்டியிருந்தது.

நாள் 4

ஓய்வு. லா ஷப்பேலில் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக. மாணிக்க விநாயகர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கொத்து ரொட்டி சாப்பிட்டோம். முருங்கைக்காய் விலையைக் கேட்டு வாங்காமல் வந்தேன். மாலை விமானம். மூன்று மணி நேரம் தாமதம், காரணம் யாரும் சொல்லவில்லை. நள்ளிரவு தாண்டி மாட்ரிட்.

நாள் 5

திஸ்ஸன் போர்னெமிஸா மியூசியம்.

மோந்த்ரியானின் 'நியூயார்க் நகரம் 3'. முடிக்காத படம். அதனால்தான் அவ்வளவு பிடித்தது. முடித்த மோந்த்ரியானைப் பார்த்தால் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள் என்று கடந்துவிடத் தோன்றும். இதில் நிறம் பூசிய காகித நாடாக்களை ஒட்டி ஒட்டிப் பார்த்திருப்பது தெரிகிறது. இங்கே மஞ்சள் போதுமா, சிவப்பை ஒரு விரற்கடை தள்ளலாமா என்று ஒரு மனிதர் யோசித்துக்கொண்டிருந்த சுவடு. இதே வரிசையில் ஜெர்மனியின் டுசெல்டார்பில் இருக்கும் படம் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் தலைகீழாகத் தொங்கியதாக 2022இல் கண்டுபிடித்தார்கள். திருப்பினால் நாடாக்கள் விழுந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு வேறு தோன்றுகிறது. கோலத்தை வாசலின் எந்தப் பக்கம் நின்று பார்த்தால் நேர்? எடை சரியாக நின்றிருந்தால் எந்தப் பக்கமும் நிற்கும்.

லிக்டன்ஸ்டைன் 1963இல் வரைந்த 'குளிக்கும் பெண்'. காமிக்ஸ் முகம், தோல் முழுவதும் சிவப்புப் புள்ளி. சிவகாசிக் காலண்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் புள்ளிகள் தெரியும், எல்லா அச்சுப் படமும் புள்ளிதான். இருபத்தாறு வருஷம் வகுப்பில் நான் காட்டியதும் மோனேவை இல்லை, மோனேவின் புள்ளிகளை. இந்த மனிதர் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டிவிட்டார். நாம் இப்போது பெண்ணைப் பார்க்கவில்லை, அச்சடித்த பெண்ணைப் பார்க்கிறோம் என்று முகத்துக்கு நேரே சொல்கிற படம்.

பிறகு ரோத்கோ. 1961இல் வரைந்த ஒரு படம். மெரூன் நிறத்தின்மேல் பச்சை. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. வழக்கம்போல நான் பின்னால் போகப் போனேன். தம்பி மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பள்ளியில் சொல்லியிருந்தார்களாம், ரோத்கோ தன் படங்களை ஒன்றரை அடி தூரத்தில் நின்று பார்க்கச் சொன்னார் என்று. சரி என்று கிட்டே போனேன். பச்சைக்கு விளிம்பே இல்லை. தண்ணீர் மாதிரி மெல்லிய பூச்சு, ஒன்றின்மேல் ஒன்றாக, கீழே உள்ளது மேலே கசிகிறது. இரண்டு ஓரமும் கண்ணுக்கு வெளியே போய்விட்டதால் படம் என்ற நினைப்பே போயிற்று. விளக்கு வைக்கும் நேரத்தில் மின்சாரம் போன கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. காரணம் தெரியாமல் அழுகை வந்தது. துடைக்கவில்லை.

அப்பா சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும் என்று ராத்திரி படுத்தபடி நினைத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிற்குமிடம் இருக்கிறது. அது எதிர்ப் பிளாட்பாரமாகவும் இருக்கலாம், ஒன்றரை அடியாகவும் இருக்கலாம், நடு பெஞ்சாகவும் இருக்கலாம். துஷானுக்கு அது கண்காட்சிக்கு வெளியே தெருவில் இருக்கிறது. அந்த இடத்தைத் தேடிக் காலை நகர்த்தும்போதே பாதி விளங்கிவிடுகிறது.

நாள் 6

காலையில் பிராடோ மியூசியத்தில் ஓவியர் கோயாவை மட்டும் பார்த்தேன். '1808 மே 3'. சுடப்போகும் வரிசையின் முன் வெள்ளைச் சட்டைக்காரன் இரண்டு கையையும் விரித்து நிற்கிறான். சிப்பாய்களுக்கு முகமே இல்லை, முதுகுதான். தரையில் ஒரு லாந்தர். அந்த லாந்தரை மனசில் வைத்துக்கொள் என்று தம்பி மகளிடம் சொன்னேன்.

ரெய்னா சோஃபியா மியூசியம் பழைய மருத்துவமனைக் கட்டடம். மாலை ஏழு மணிக்கு மேல் இலவசம், வரிசை நீளம். கீழ்த்தளத்தில் ரிச்சர்ட் செர்ராவின் இரும்புக் கட்டைகள் நான்கு. 1986இல் செய்தது, 38 டன். தலைப்பில் குவெர்னிகாவும் பென்காசியும் சேர்ந்திருக்கின்றன, குண்டு விழுந்த இரண்டு ஊர். மியூசியம் இதை ஒரு தனியார் கிடங்கில் வைக்கக் கொடுத்திருந்தது. பல வருஷம் கழித்துத் தேடினால் 38 டன் இரும்பைக் காணவில்லை! செர்ரா மறுபடி செய்து கொடுத்தார், இதையே அசலாக ஏற்றுக்கொண்டார்கள். துஷானின் கோப்பைக்கும் இதற்கும் உள்ள உறவைத் தம்பி மகளே சொன்னாள். கட்டைகளுக்கு நடுவே நடந்தபோது உடம்பு தானாகச் சுருங்கியது. பார்க்கிற பொருளே இல்லை இது. பக்கத்தில் நடக்கிற பொருள்.

அப்புறம் குவெர்னிகா.

பதினொன்றரை அடி உயரம், இருபத்தைந்தரை அடி நீளம். வாசலில் திரும்பியதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, இது பேனர். அப்பாவின் துணி அளவு இது. 1937இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் குடியரசின் மண்டபத்துக்காக, நடந்துபோகிற கூட்டம் பார்ப்பதற்காக வரைந்தது. ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். குடியரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி பிராங்கோவுக்காக ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குவெர்னிகா என்ற பாஸ்க் ஊரைக் குண்டு போட்டு எரித்தன. பாரிஸில் பத்திரிகையில் படித்தார் பிக்காசோ. மே 1 அன்று கோட்டுப்படம் தொடங்கினார். ஜூன் முதல் வாரத்தில் முடித்துவிட்டார். நாங்கள் பார்த்த அந்தப் பூட்டிய கதவுக்குள், கூரை எட்டாததால் துணியைச் சற்றே சாய்த்து நிறுத்தி வரைந்தார். புகைப்படக்காரர் டோரா மார் ஒவ்வொரு கட்டமாகப் படமெடுத்தார். அந்தப் புகைப்படங்களில், முதலில் நடுவில் முட்டியை உயர்த்திய ஒரு கை நிமிர்ந்து நிற்கிறது. பிறகு அது போய்விட்டது. வெற்றி முழக்கத்தை அவரே அழித்திருக்கிறார்.

தம்பி மகள் கேட்காமலே எதிர்ச் சுவர் வரை போனாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள். என் அப்பாவை அவள் பார்த்ததில்லை.

"முக்கோணம் தெரியுது அத்தை. மேலே விளக்கு."

ஆமாம். கூம்பாக ஒரு வெளிச்சம், கோயாவின் லாந்தர் போல. ஜன்னல் வழியாக ஒரு பெண் கையை நீட்டி விளக்கைக் காட்டுகிறாள். அவளுக்கு மேலே மின்சார பல்பு, கண் மாதிரி. இடது ஓரத்தில் செத்த பிள்ளையை ஏந்திய தாய், அவளுக்கு மேல் காளை. நடுவில் குதிரை அலறுகிறது, நாக்கு ஈட்டியாக நீட்டி நிற்கிறது. வலது ஓரத்தில் நெருப்புக்குள் இரண்டு கை. விமானம் ஒன்றுகூட இல்லை. எந்த ஊர், எந்த வருஷம் என்று சொல்லும் ஒரு அடையாளமும் இல்லை. கறுப்பு, வெள்ளை, சாம்பல். அவர் செய்தியை அறிந்த பத்திரிகையின் நிறம்.

காளைக்கு என்ன அர்த்தம் என்று அன்றிலிருந்து கேட்கிறார்கள். பிக்காசோ ஓரிடத்தில் அது மிருகத்தனம், இருட்டு, குதிரைதான் மக்கள் என்றார். இன்னோரிடத்தில் காளை காளைதான், குதிரை குதிரைதான் என்றார். நான் தம்பி மகளிடம் இரண்டையும் சொன்னேன். "ரெண்டுல எது அத்தை?" தாயின் முகத்தைப் பார், அவள் யாரைப் பார்த்து அழுகிறாள் என்றேன். நீண்ட நேரம் பார்த்தாள். "காளையை. ஆனா அது வேற பக்கம் பார்க்குது." அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிறகு கயிறு வரை கிட்டே போனோம். குதிரையின் உடம்பு முழுவதும் சின்னச் சின்னக் கோடுகள், பத்திரிகை எழுத்து மாதிரி வரிசையாக. உடைந்த வாளைப் பிடித்த கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூ. காளைக்கும் குதிரைக்கும் நடுவே இருட்டில், தூரத்திலிருந்து தெரியவே தெரியாத ஒரு பறவை. பெயிண்ட் அங்கங்கே வழிந்திருக்கிறது. துடைக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை ரிலீஸுக்கு வியாழன் ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அப்பா வேலை செய்யும்போது இதேபோல் வழியும். கைலி நுனியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தப் பேனர்களும் போயின, ஒன்றைக்கூட யாரும் எடுத்து வைக்கவில்லை. மழைக்குக் கூரையில் போட வாங்கிப் போவார்கள். இந்தத் துணி நியூயார்க்கில் காத்திருந்து, பிக்காசோவும் பிராங்கோவும் செத்து, ஜனநாயகம் திரும்பிய பிறகு 1981இல் ஸ்பெயினுக்கு வந்தது.

ஒன்பது மணிக்கு மணி அடித்து எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள்.

ஹோட்டலுக்கு வரும் வழியில் ஒரு கடை வாசலில் கிடந்த அட்டைப்பெட்டியைத் தம்பி மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிரித்துத் தரையில் விரித்தோம். "தாத்தா மாதிரி கட்டம் போட்டுக் குடு அத்தை" என்றாள். குவெர்னிகா தபால் அட்டையில் எட்டுக்குப் பன்னிரண்டு கட்டம் பென்சிலால் போட்டேன். நூல் இல்லை, என் துப்பட்டா ஓரத்திலிருந்து ஒரு இழை உருவி, முகப்பவுடர் தடவி அட்டையில் தெறிக்க விட்டேன். கோடு நேராக விழுந்தது. குதிரையின் தலையிலிருந்து தொடங்கியிருக்கிறாள். இதை எழுதும்போது மணி பன்னிரண்டேகால், இரண்டாவது வரிசையில் இருக்கிறாள். நாக்கு அடுத்த கட்டத்தில் வருகிறது.